ஃப்ரீலான்ஸ் வருமானத்துக்கு ரிட்டர்ன்: ஆடிட்டர் வேண்டுமா, நாமே போட்டுவிடலாமா?

கேள்வி: கோவை_வெப்

2024-25 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்ன் இது. வெப் டெவலப்மென்ட் மட்டும்தான் வேலை, சம்பளம் எதுவும் இல்லை. வருடத்தின் மொத்த பில் 18.40 லட்சம். அதில் 12.60 லட்சம் அமெரிக்காவில் உள்ள ஒரே வாடிக்கையாளரிடமிருந்து, டாலராக வந்து வங்கியில் ரூபாயாக வரவானது. மீதி 5.80 லட்சம் சென்னையில் இரண்டு நிறுவனங்கள் தந்தது. அவர்கள் 10% டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருக்கிறார்கள், 58,000 ரூபாய் 26ஏஎஸ்-இல் (நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் அறிக்கை) தெரிகிறது. வங்கி வட்டி 20,000. ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. பங்கு எதுவும் விற்கவில்லை.

ஒரு ஆடிட்டர் ஐ.டி.ஆர்-4 (சுருக்கமான ரிட்டர்ன் படிவம்) போட 3,500 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் லாப நட்டக் கணக்கு எழுதி ஐ.டி.ஆர்-3 (விரிவான படிவம்) போடுவதுதான் சரி என்று 12,000 கேட்கிறார். போர்ட்டலில் நாமே இலவசமாகப் போடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. கடைசித் தேதி 2025 செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போயிருப்பதால் யோசிக்க நேரம் இருக்கிறது. எனக்கு உண்மையில் ஆடிட்டர் தேவையா? தேவையென்றால் எதற்கு?

பதில் 1: வரி_வரைவு

உங்கள் கணக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவுக்கு நேராகப் பொருந்துகிறது. தகவல் தொழில்நுட்பம் அறிவிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று. மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்கமாக வந்தது 5%-ஐத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவையில்லை.

எண்களை வைத்துப் பார்ப்போம். 18.40 லட்சத்தில் பாதி 9.20 லட்சம். வட்டியைச் சேர்த்தால் 9.40 லட்சம். 2024-25-க்கான புதிய வரி முறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, 3 முதல் 7 லட்சம் வரை 5% வீதம் 20,000, மீதி 2.40 லட்சத்துக்கு 10% வீதம் 24,000. மொத்தம் 44,000. 4% செஸ் சேர்த்தால் 45,760. டி.டி.எஸ். 58,000 போனதால் உங்களுக்கு 12,240 ரூபாய் திரும்பி வர வேண்டும். முன்கூட்டிய வரி கட்டாததற்கு வட்டியும் விழாது, ஏனென்றால் டி.டி.எஸ். கழித்தபின் பாக்கியே இல்லை.

பழைய முறையில் 80சி-க்கு (சேமிப்பு, முதலீட்டுக் கழிவு) ஒன்றரை லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 கழித்தாலும் வரி 68,120 வருகிறது. ஆகவே அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவம் தர வேண்டும். போய்விட்டுப் புதிய முறைக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்கு மாற முடியாது.

போர்ட்டலில் செய்ய வேண்டியது: முதலில் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் இறக்கி உங்கள் பில் பட்டியலோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். பிறகு ஆன்லைன் முறையில் 2025-26 மதிப்பீட்டு ஆண்டு (2024-25 வருமானத்துக்கு உரியது), ஐ.டி.ஆர்-4, தொழில் குறியீடாக மென்பொருள் மேம்பாடு. மொத்த வரவை வங்கி வழி, ரொக்கம் எனப் பிரித்துக் கேட்கும். கீழே நிதி விவரம் என்ற பகுதியில் மார்ச் 31 அன்று கையிருப்பு ரொக்கம், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி ஆகியவற்றை நிரப்ப வேண்டும். டி.டி.எஸ். அட்டவணையில் அந்தத் தொகை எந்த வருமானத்தைச் சேர்ந்தது என்று கேட்கும் இடத்தில் தொழில் வருமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கு முன்சரிபார்ப்பு ஆகியிருக்க வேண்டும். சமர்ப்பித்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போன்ற வழியில் சரிபார்த்துவிடுங்கள், சரிபார்க்காத ரிட்டர்ன் செல்லாது.

பலர் சறுக்குவது மொத்த வரவில்தான். வங்கிக்கு வந்த நிகரத் தொகையை மொத்த வரவு என்று போடுகிறார்கள். டி.டி.எஸ். பிடிப்பதற்கு முன், வேலை பிடித்துத் தரும் இணையதளத்தின் கமிஷன் கழிப்பதற்கு முன், பில்லில் உள்ள தொகைதான் மொத்த வரவு. கமிஷனும் வங்கிக் கட்டணமும் செலவாக விட்ட மறுபாதிக்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. 26ஏஎஸ்-இல் உள்ள தொகையைவிடக் குறைவாக வரவு காட்டிவிட்டு டி.டி.எஸ்.ஸை முழுதாகக் கேட்டால் 139(9) பிரிவில் குறையுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வரும், 15 நாளில் திருத்த வேண்டும். மறுபுறம், டாலர் வரவுக்கு டி.டி.எஸ். இல்லாததால் அது 26ஏஎஸ்-இல் வராது. அங்கே இல்லை என்பதற்காக ரிட்டர்னில் விட்டுவிடக் கூடாது.

இந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் போட மட்டும் ஆடிட்டர் தேவையில்லை என்பதே என் கருத்து.

பதில் 2: ஏற்றுமதி_சேவை

வருமான வரி அளவில் மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கோவை_வெப், நீங்கள் கவலைப்பட வேண்டிய எண் 18.40. சேவை தருபவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு ஒரு நிதியாண்டில் 20 லட்சம். ஏற்றுமதிக்கு வரி இல்லைதானே என்று டாலர் வரவைக் கழித்துவிட்டு எண்ணுகிறார்கள், அது தவறு. மொத்த விற்றுமுதலில் ஏற்றுமதியும் சேரும். விலக்கு பெற்ற வரவுகளும் சேரும் என்பதால் வங்கி வட்டியையும் கூட்டியே எண்ணுவது பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் நீங்கள் 18.60-இல் நிற்கிறீர்கள்.

2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி உண்டு. 44ஏடிஏ-வில் பாதிதான் வருமானம் என்பதால், வேறு வருமானம் இல்லாதவருக்கு 24 லட்சம் பில் வரை வருமான வரி பூஜ்யம். ஆனால் 20-ஐத் தாண்டிய அன்றே ஜி.எஸ்.டி. கடமை தொடங்குகிறது. 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரியே இல்லையென்று நிம்மதியாக இருப்பவர் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

பதிவுக்குப் பிறகு வேலை கூடும். சென்னை நிறுவனங்களுக்குப் போடும் பில்லில் 9% மத்திய வரி, 9% மாநில வரி. அமெரிக்க பில்லுக்கு வரி இல்லாமல் அனுப்ப வேண்டுமானால் ஆர்.எஃப்.டி-11 என்ற உறுதிமொழிக் கடிதத்தைப் போர்ட்டலில் கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தர வேண்டும். ஏப்ரலில் இதை மறப்பவர்கள் ஏராளம். பில் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் பணம் வந்து சேராவிட்டால் அந்த பில்லுக்கு வரி கட்ட வேண்டிவரும். வெளிநாட்டு மென்பொருள் சந்தா, ஹோஸ்டிங் போன்றவற்றுக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டுவது) நீங்களே 18% கட்டிப் பிறகு அதை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். ஏற்றுமதிக்காகச் செலவழித்த சேவைகளின் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.) ரீஃபண்ட் கேட்கலாம். லேப்டாப் போன்ற மூலதனப் பொருளின் வரி அப்படித் திரும்பி வராது, உள்நாட்டு பில்லின் வரியில் கழித்துக்கொள்ளத்தான் முடியும். இத்தனையும் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 3பி (வரிச் சுருக்கம்) என்ற ரிட்டர்ன்களாக மாதந்தோறும் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை ஓடும். தாமதித்தால் 3பி-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், பரிவர்த்தனையே இல்லாத வெற்று ரிட்டர்னுக்கும் 20 ரூபாய்.

ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பது என்றால் இதற்குக் கொடுங்கள். அதுவும் மார்ச்சில் முடிந்துபோன வருடத்துக்காக அல்ல. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வருடம் எந்த மாதத்தில் 20-ஐத் தொடும், அதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் வங்கி டாலர் வரவை எந்தக் காரணக் குறியீட்டில் (பணம் எதற்கு வந்தது என்று காட்டும் குறி) பதிந்திருக்கிறது என்று பாருங்கள். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. குடும்பப் பராமரிப்புக்கான பி1301-இல் விழுந்திருந்தால் அந்த வரவுச் சான்று ஏற்றுமதிக்கு ஆதாரமாகாது, ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் கேட்கும்போது அதிகாரி அங்கேயே நிறுத்துவார். வங்கியிடம் எழுதிக் கொடுத்து இப்போதே திருத்தச் சொல்லுங்கள், வருடம் கடந்தால் கடினம்.

அமெரிக்க வாடிக்கையாளர் டபிள்யூ-8பென் படிவம் (நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று தெரிவிப்பது) கேட்டால் கொடுத்துவிடுங்கள். நீங்கள் இந்தியாவில் இருந்தபடி செய்த வேலைக்கு அங்கே வரி பிடிக்கத் தேவையில்லை. தவறிப்போய்ப் பிடித்துவிட்டால் அந்த வரியை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழிக்கக் கேட்க 67-ஆம் படிவம் வேண்டும், ஐ.டி.ஆர்-4 போட முடியாது. அப்போது ஆடிட்டர் வைப்பதுதான் நல்லது.

பதில் 3: மொழிமாற்று

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். ஃப்ரீலான்ஸ் என்றாலே 44ஏடிஏ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், கம்பெனி செயலர், தகவல் தொழில்நுட்பம், திரைக்கலைஞர், பிறருக்காகத் தீர்ப்பாயத்தில் ஆஜராகும் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி என்று அந்தப் பட்டியல் அத்துடன் முடிகிறது. மொழிபெயர்ப்பாளரும் கட்டுரை எழுதுபவரும் அதில் இல்லை. திரைக்கலைஞர் என்பதில் பாடலாசிரியர், கதை, திரைக்கதை, வசனம் எழுதுபவர், படத்தொகுப்பாளர், ஆடை வடிவமைப்பாளர் எல்லாம் அடக்கம், ஆனால் அது திரைப்படத் தயாரிப்பு சார்ந்த வேலைக்கு. ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்கு எழுதுபவர் அதில் நுழைய முடியாது. கிராஃபிக் டிசைனரைத் தகவல் தொழில்நுட்பம் என்று சிலர் போடுகிறார்கள். வேலை உண்மையில் இடைமுக வடிவமைப்பும் நிரலும் கலந்தது என்றால் வாதிடலாம். லோகோவும் விளம்பரத் தாளும் மட்டும் செய்பவருக்கு அந்த வாதம் நிற்காது.

அப்படிப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைச் சில ஆடிட்டர்கள் 44ஏடி என்ற வேறொரு பிரிவில் போட்டு 6% லாபம் காட்டிவிடுகிறார்கள். அந்தப் பிரிவு வணிகத்துக்கு உரியது. தனி அறிவாலும் உழைப்பாலும் சம்பாதிப்பது தொழில்முறை வருமானம் என்று அதிகாரி சொன்னால், 94% செலவுக்கு ரசீது காட்டச் சொல்லும் நிலை வரும். 10 லட்சம் வாங்கும் மொழிபெயர்ப்பாளருக்கு 60,000 தான் லாபம் என்பதை யார் நம்புவார்கள்?

நேர்மையான வழி ஐ.டி.ஆர்-3-இல் உண்மையான வரவு செலவு. பலர் நினைப்பதுபோல் இது பயங்கரம் இல்லை. வரவு 50 லட்சத்தைத் தாண்டாதவரை தணிக்கை கிடையாது. வருமானம் 2.5 லட்சத்தையோ வரவு 25 லட்சத்தையோ தாண்டினால் கணக்கு எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு விரிதாளில் பில் எண், தேதி, யார், தொகை, டி.டி.எஸ்., வந்த தேதி. இன்னொன்றில் செலவு, தேதி, ரசீது. இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, அகராதி, வீட்டில் வேலைக்கென ஒதுக்கிய அறைக்கு வாடகையில் நியாயமான பங்கு, கணினிக்கு 40% தேய்மானம் (வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி). குடும்பமே பயன்படுத்தும் இணைப்பை முழுதாக எழுதாதீர்கள்.

ஐ.டி.ஆர்-3 படிவம் நீளமானது. முதல் ஆண்டு ஒரு ஆடிட்டரிடம் கொடுத்து, இருப்புநிலைக் குறிப்பும் தேய்மான அட்டவணையும் எப்படிப் போட்டார் என்று நகல் வாங்கிப் புரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டு முதல் அதையே தொடரலாம்.

பதில் 4: வரி_வரைவு

மொழிமாற்று சொன்னதோடு சேர்த்து, கோவை_வெப்பின் 12,000 ரூபாய் ஆடிட்டர் பற்றி. 44ஏடிஏ தகுதி உள்ளவர் 50%-க்குக் குறைவாக லாபம் காட்டினால், மொத்த வருமானம் அடிப்படை விலக்கைத் தாண்டும்போது தணிக்கை கட்டாயம். பட்டியலுக்கு வெளியே இருப்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்பது விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு 9.20-க்குப் பதிலாக 7.20 லட்சம் லாபம் என்று காட்டினால் மிச்சமாகும் வரி செஸ்ஸோடு 20,800. அதற்குத் தணிக்கைக் கட்டணமும் கணக்கு எழுதும் கூலியும் போனால் கையில் என்ன நிற்கும் என்று பாருங்கள். துணை ஒப்பந்தக்காரர்களுக்கு வரவில் பாதிக்கு மேல் கொடுப்பவருக்குத்தான் இது பொருள் தரும். தணிக்கை தேவைப்பட்டும் செய்யாவிட்டால் அபராதம் மொத்த வரவில் அரை சதவீதம், உச்சம் ஒன்றரை லட்சம்.

ஒரே ஒரு நிலையில் அந்த ஆடிட்டர் சொன்ன லாப நட்டக் கணக்கு உதவலாம். அடுத்த ஓரிரு ஆண்டில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்து, உண்மையில் 14 லட்சம் மிஞ்சுகிறது என்றால், 9.20 என்று காட்டிய ரிட்டர்ன் கடன் தகுதியைக் குறைத்துவிடும். அப்போதும் ஐ.டி.ஆர்-3 தேவையில்லை. 44ஏடிஏ-வில் 50%-க்கு மேல் காட்டத் தடை இல்லை. வங்கிதான் லாப நட்டக் கணக்கைத் தனியாகக் கேட்கக்கூடும்.

பதில் 5: மயிலை_கணக்கு

ஆடிட்டர் வைக்கத் தீர்மானித்தால் ஆளைச் சரிபார்ப்பது முக்கியம். நம் ஊரில் ரிட்டர்ன் போட்டுத் தருபவர் எல்லாருக்கும் ஆடிட்டர் என்றுதான் பெயர். அவர்களில் சி.ஏ. முடித்தவரும் உண்டு, வரி ஆலோசகரும் உண்டு. ஐ.டி.ஆர்-4-க்கு அனுபவமுள்ள வரி ஆலோசகர் போதும். தணிக்கை அறிக்கைக்கு சி.ஏ. மட்டுமே கையெழுத்திட முடியும். உறுப்பினர் எண்ணைக் கேட்டு ஐ.சி.ஏ.ஐ. (சி.ஏ.க்களின் அமைப்பு) தளத்தில் பாருங்கள். அவர் தரும் சான்று எதிலும் 18 இலக்க யு.டி.ஐ.என். (அந்தச் சான்றின் தனி அடையாள எண்) இருக்க வேண்டும், அதையும் அங்கேயே சரிபார்க்கலாம்.

கட்டணம் பேசும்போது அதற்குள் என்னென்ன வரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ரிட்டர்னுக்குப் பிறகு 143(1) அறிவிப்பு (துறை சரிபார்த்து அனுப்பும் வரிக் கணக்கு) வித்தியாசமாக வந்தால் பதில் போடுவது சேர்ந்ததா? டிசம்பரிலும் பிப்ரவரியிலும் முன்கூட்டிய வரி எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வாரா? ஜி.எஸ்.டி. தனியா? 3,500 ரூபாயில் இவையும் அடங்கும் என்றால் நல்ல பேரம். போர்ட்டலில் எண்ணை அடித்துத் தருவதற்கு மட்டும் என்றால் வரி_வரைவு சொன்னபடி நீங்களே செய்யலாம்.

போர்ட்டலில் முதன்மை மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆடிட்டரின் எண்ணைப் போட்டுவிட்டால் நோட்டீஸ் அவருக்குப் போகும், அவர் பார்க்காமல் விட்ட கெடு உங்கள் தலையில் விழும். வேலை முடிந்ததும் கணக்கீட்டுத் தாள், ரிட்டர்னின் முழு நகல், ஒப்புகைச் சீட்டு, ஜேசன் (JSON) தரவுக் கோப்பு நான்கையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். ஆடிட்டரை மாற்றும்போது இவை இல்லாமல் திண்டாடுகிறார்கள்.

ரீஃபண்டில் சதவீதம் கேட்பவரிடம் போகவே போகாதீர்கள். இல்லாத வாடகை, கட்டாத நன்கொடை, அரசியல் கட்சிக்குக் கொடுத்ததாகக் காட்டும் தொகை என்றுதான் அந்த ரீஃபண்ட் உருவாகிறது. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை இப்படிப் போலிக் கழிவு போடுபவர்களைக் குறிவைத்து நாடெங்கும் 150 இடங்களில் சரிபார்ப்பு நடத்தியது. தவறான தகவல் என்று முடிவானால் மறைத்த வரியில் 200% அபராதம், அதைக் கட்ட வேண்டியது பான் எண்ணுக்கு உரியவர். ரிட்டர்னின் கடைசியில் உள்ள உறுதிமொழி உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

கோவை_வெப்

எல்லோருக்கும் நன்றி. வங்கிச் சான்றைப் பார்த்தேன், பி0802 என்றே இருக்கிறது. ஒரு சந்தேகம் பாக்கி. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மார்ச் 28-இல் 60,000 ரூபாய்க்கு பில் போட்டேன், பணம் ஏப்ரல் 20-இல் வந்தது. அவர்கள் மார்ச்சிலேயே 6,000 டி.டி.எஸ். காட்டிவிட்டார்கள். 18.40-க்குள் அந்த பில்லும் இருக்கிறது. எந்த வருடத்தில் காட்டுவது?

பதில் 6: வரி_வரைவு

நீங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு முறையைப் பொறுத்தது. பில் போட்ட தேதியில் வருமானம் என்ற முறையானால் இப்போதைய 18.40 அப்படியே இருக்கட்டும், 58,000 முழுதும் கேளுங்கள். பணம் வந்த தேதியில் வருமானம் என்ற முறையானால் வரவு 17.80 லட்சம், வரி 42,640, இந்த ஆண்டு கேட்க வேண்டிய டி.டி.எஸ். 52,000, ரீஃபண்ட் 9,360. அந்த 6,000-ஐ டி.டி.எஸ். அட்டவணையில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் கட்டத்தில் போட வேண்டும். அதை இங்கே கேட்டுவிட்டு வரவை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் முதல் பதிலில் சொன்ன அதே நோட்டீஸ் வரும்.

2025-26 நிதியாண்டில் உங்கள் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் இரண்டாவது முறையில் 3,120 ரூபாய் லாபம். ஆனால் இந்த முறையை வருடந்தோறும் வசதிக்கு மாற்ற முடியாது. முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்னில் எதைப் பின்பற்றினீர்களோ அதையே தொடருங்கள். முதல் ரிட்டர்ன் இதுதான் என்றால் இப்போது தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 7: ஏற்றுமதி_சேவை

வருமான வரிக்கு எந்த முறையை எடுத்தாலும் ஜி.எஸ்.டி. வரம்பை எண்ணும்போது அந்த 60,000-ஐ 2024-25-இலேயே வையுங்கள். அங்கே கணக்கு சேவை தந்த தேதியையும் பில்லையும் ஒட்டியது, பணம் ஏப்ரலில் வந்தது என்பதால் இந்த ஆண்டின் 20 லட்சத்தில் அது சேராது. 2025 ஏப்ரல் முதல் நீங்கள் போட்ட பில்களைக் கூட்டி வையுங்கள், 17 லட்சத்தைத் தொட்டதும் பதிவு வேலையைத் தொடங்கிவிடலாம்.